எண்ணூறு கிராம்

விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓடப் போகிறவர்களால் ஊருக்கு ஒரு கெடுதலும் கிடையாது, ஐயா. கூட இருப்பவர்களுக்குத்தான் தூக்கம் கெடும். என் தங்கை ஓட ஆரம்பித்த முதல் மாதம் எனக்கு இருந்த ஒரே குறை அதுதான். குழாய்ச் சத்தம், அலமாரிச் சத்தம், ஷூவைத் தரையில் தட்டுகிற சத்தம். "மெதுவாத்தானே அண்ணா நடந்தேன்" என்பாள். அவளுக்கு அது மெதுவாக இருக்கலாம். தராசு முள் எங்கே உரசுகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவன் நான்.

வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக்காரரை நேற்று இரண்டாவது தடவையாக ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தீர்களாம். கொளுத்துகிற வெயில் காலத்தில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி வைத்து ஓடவிட்டார், அதனால்தான் ஒரு பெண் செத்துப்போனாள் என்று முடிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அறிக்கையின் நகலை எனக்கும் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் 'கடும் வெப்பம்' என்று இருக்கிறது. அது தப்பான அளவு. தப்பான அளவைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் போக முடியாது. அதைத் திருத்தத்தான் வந்தேன். அவசரம் ஒன்றுமில்லை, நீங்கள் டீயைக் குடித்து முடியுங்கள்.

எனக்குத் தராசு பழுது பார்க்கும் தொழில். இருபத்தேழு வருஷமாகிறது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. சன்னலோரமாக ஆறடி மேசை ஒன்று, அதன்மேல் ஒரு விளக்கு, ஒரு பெட்டி நிறைய எடைக்கற்கள். அந்தக் கற்களை வெறும் கையால் தொட மாட்டேன். விரல் எண்ணெய் ஒட்டினால்கூட எடை ஏறும். எத்தனையோ கடைக்காரர்கள் வந்து, "கொஞ்சம் நம்ம பக்கம் சாயற மாதிரி வெச்சுக் குடுங்களேன்" என்று குழைந்திருக்கிறார்கள். "அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் கைபட்ட தராசு பொய் சொன்னது என்று ஒருத்தர் சொல்லட்டும்.

அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா அதற்கு முன்பே இல்லை. அந்த மாதமே அவள் தன் பள்ளிச் சீருடையைத் தானே தேய்த்துக்கொள்கிறேன் என்று போய் இடது உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டாள். அன்றோடு சரி. இஸ்திரிப் பெட்டி இருக்கிற பக்கம்கூடத் திரும்ப மாட்டாள். வளர்ந்து, படித்து, காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குப் போன பிறகும் அவள் துணியெல்லாம் என் தேய்ப்புதான். "அவங்க அண்ணன் தேய்ச்ச மடிப்புல காய்கறி நறுக்கலாம்" என்று ஆபீசில் கேலி செய்வார்களாம். சிரித்துக்கொண்டே வந்து சொல்லுவாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் வந்தது. ஒருவர் பேச்சு அதிகம், ஒருவர் பேசவே இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். எனக்கும் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு வலது முழங்கால் மடங்காது. படி ஏற முடியாது. மாடியில் துணி காயப்போடுவது, தொட்டி பார்ப்பது எல்லாம் அவள் வேலை. கீழே உள்ளதெல்லாம் என் வேலை. இப்படியே எங்கள் காலம் ஓடியது. நன்றாகத்தான் ஓடியது.

முப்பத்தைந்து வயதில் இரத்த அழுத்தம் எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். மருந்து வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரர், "நடக்கறதோட ஏன் நிக்கறீங்க, எங்களோட வாங்க" என்றார். ஊருக்கு வெளியே நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு சாலை போகிறது அல்லவா, ஒரு சுற்று சரியாக ஏழு கிலோமீட்டர். அங்கேதான் அவர்கள் கூடுவார்கள். முதல் நாள் அரைச் சுற்றில் மூச்சு வாங்கி ஆட்டோவில் திரும்பினாள். ஒரு வருஷத்தில் மூன்று சுற்று. எத்தனை சுற்று ஓடினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே நேரம்தான், முன்னே பின்னே போகாது. கூட்டத்தில் அவளுக்குப் பெயரே 'கடிகாரம்' என்றாகிவிட்டது.

எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். சூடு மட்டும் என்றால் பரவாயில்லை. காற்றில் ஈரம் ஊறிக் கிடக்கும், வியர்வை காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? வழிந்து வழிந்து ஷூவுக்குள் போகும், நடந்தால் சளசளவென்று கேட்கும். மருந்துக்கடைக்காரர் இதில் கெட்டிக்காரர். "வெயில் காலத்துல கடிகாரத்தைப் பாத்து ஓடாதீங்க, மூச்சைப் பாத்து ஓடுங்க. உடம்பு பழக ரெண்டு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் அடக்கி வாசிங்க" என்பார். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொன்னதும் அவர்தான். குறைந்த எடை எல்லாம் வியர்வை. ஒரு கிலோ குறைந்தால், அடுத்த முறை ஒரு லிட்டர் கூடக் குடிக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

எடை என்று வந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? மூடிப்போன ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த ஆளுயரத் தராசு ஒன்று என்னிடம் இருந்தது. மேலே குண்டை நகர்த்திப் பார்க்கிற வகை. துடைத்து, எண்ணெய் போட்டு, பத்து கிராம் வித்தியாசம்கூடக் காட்டும்படி சரிசெய்து பின்னறையில் நிறுத்தினேன். அவள் ஓடக் கிளம்பும் முன் ஏறி நிற்பாள். வந்ததும் துடைத்துக்கொண்டு மறுபடி நிற்பாள். நான் படித்துச் சொல்லி, சுவரில் பென்சிலால் எழுதுவேன். "எவ்வளவுண்ணா போச்சு?" "அறுநூறு." "பரவால்லையே." பாட்டில்களை நான்தான் கலந்து வைப்பேன். அரை லிட்டர் பாட்டில், அளவாக உப்பு, சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை. எடை பார்த்த அந்த முதல் மூன்று மாதமும் என் தூக்கம் கெட்டது எனக்குத் தெரியவே இல்லை. அவளுக்கு முன்னால் நான் எழுந்துவிடுவேன்.

பிறகு அந்த மாற்றல் வந்தது.

மலை மேல் ஒரு ஊர். அங்கே அவர்கள் அலுவலகத்தில் ஒரு கிளை, அதற்கு இவள் பொறுப்பாளர். பதவி உயர்வு. விருப்பம் இருந்தால் சொல்லலாம், இல்லையென்றால் இங்கேயே இருக்கலாம், இரண்டு மாத அவகாசம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். "அங்க வியர்க்கவே வியர்க்காதாம்ணா. ஸ்வெட்டர் போட்டுட்டு ஓடணுமாம்." நான் அடுப்பைத் துடைத்தேன். "நீயும் வாயேன். தராசு இல்லாத ஊர் எங்க இருக்கு?" என்றாள்.

வாசலில் நிற்கிறவரிடம் 'சாப்பிட்டுப் போங்களேன்' என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிப் பேச்சு அது. எனக்குத் தெரியாதா? "என் பட்டறையை யாரு பாக்கறது" என்றேன். அவள் தட்டைத் துடைத்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "அடுத்த மாசம் நீர்த்தேக்கத்துல ஆறு சுற்றுப் பந்தயம் வருது. நாப்பத்திரண்டு கிலோமீட்டர். அதை முடிச்சுட்டேன்னா மாற்றலை வாங்கிக்கறேன். முடிக்கலைன்னா பேசாம இங்கயே இருந்துடறேன். சீட்டுக் குலுக்கிப் போடறதில்லையா, அப்படி வெச்சுக்கோயேன்."

ஒரு பெண் தன் வாழ்க்கையை இப்படித் தட்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருந்திருப்பாள். ஆனால் என்னால் இருந்தாள் என்று ஆகிவிடும். காலத்துக்கும் அந்தச் சுமை எனக்கு எதற்கு? தானாக இருப்பதாக இருக்க வேண்டும். அவளே முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அது அவளுக்கும் மரியாதை.

அந்தத் தராசின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் திருகு. அவள் ஓடப் போனதும் அதை ஒரு மயிரிழை திருப்புவேன். வந்து ஏறி நிற்கும்போது இருநூறு கிராம் குறைத்துக் காட்டும். அவள் குளிக்கப் போனதும் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுவேன். அடுத்த வாரம் நானூறு. மூன்றாம் வாரம் எண்ணூறு, அதற்கு மேல் போகவில்லை. சுவரில் எழுதினேன். நிறைய வியர்க்கிறது என்று நினைத்து நிறையக் குடிக்க ஆரம்பித்தாள். வயிற்றில் தண்ணீர் தளும்பத் தளும்ப ஓடினால் யாருக்கும் கால் வராது. நின்றுவிடுவாள். நான் நினைத்தது இவ்வளவுதான்.

தராசு பொய் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். அது கடைத் தராசு இல்லை, ஐயா. யாருக்கும் பொருள் குறையவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கூடிற்று.

உப்பை நிறுத்தியது அதற்கப்புறம். நீர்த்தேக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். நான் தம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "தண்ணி கம்மியானா மயக்கம் வரும், அது எல்லாருக்கும் தெரியும். உப்பில்லாத தண்ணி அதிகமானா அது இன்னும் மோசம், அது யாருக்கும் தெரியாது. ஓடிட்டு வந்து எடை கூடியிருந்தா அன்னிக்கே நிறுத்துங்க. விரல் வீங்கும், மோதிரம் இறுகும், வாந்தி வரும், சம்பந்தமில்லாம பேசுவாங்க. அப்ப போய்த் தண்ணி குடுத்தீங்கன்னா ஆள் போயிடும்" என்றார். நன்றாகப் புரியும்படி சொன்னார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணா, இன்னிக்கு உப்பே இல்லையே." சர்க்கரையும் எலுமிச்சையும் இருந்தன, ஆனாலும் அவள் நாக்கு அப்படி. "வெயில் பழகின உடம்புக்கு வியர்வையில உப்பு கம்மியாதான் போகுமாம், அதான் குறைச்சேன்" என்றேன். இதில் பாதி உண்மை. அதுவும் மருந்துக்கடைக்காரர் சொன்னதுதான். அவள் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். "நீ சொன்னா சரிண்ணா" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால், நான்கு சுற்று ஓடிய அன்று, சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். முகம் உப்பியிருந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஏன்ணா எனக்கு மட்டும் முடிய மாட்டேங்குது? இவ்வளவு குடிச்சும் தல சுத்துதே" என்று அழுதாள். கல்லாலா செய்து வைத்திருக்கிறது என்னை? தலையைத் தடவிக்கொடுத்தேன். "உடம்பு வேணாங்குது, விட்டுடேன் கண்ணு" என்றேன். அவள் விட்டிருந்தால் இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். நீங்களும் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அவள் விடவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். மூச்சைப் பார்த்து ஓடினாள். சாப்பாட்டை மாற்றினாள். கடைசி இரண்டு ஞாயிறும் போன எடைக்கே திரும்பி வந்தாள், தராசு காட்டியபடி. "பாத்தியா, ஒரு கிராம் போகல. இப்பதான் கணக்கு சரியா வந்திருக்கு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரு கிராமும் போகவில்லை என்றால், உண்மையில் எண்ணூறு கிராம் ஏறியிருக்கிறது. இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு எண்ணூறு. பந்தயம் ஐந்து மணி நேரம். எனக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. இரண்டு கிலோ ஏறும். ஐம்பத்து நான்கு கிலோ உடம்பு.

பந்தய நாள் பன்னிரண்டு பாட்டில் நிரப்பினேன். ஒரு சுற்றுக்கு இரண்டு, அவள் இடுப்புப் பட்டையில் சொருகிக்கொள்வாள். பந்தயம் நடத்துகிறவர்கள் வழியில் உப்புக் கலந்த பானம் வைத்திருந்தார்கள். "பந்தயத்தன்னிக்குப் புதுசா எதையும் வாயில வெக்காதே" என்றேன். ஓடுகிறவர்கள் எல்லாரும் சொல்லுகிற பேச்சு அது, அவள் தலையாட்டினாள். ஐந்தரைக்கு விட்டார்கள். அப்போதே சட்டை முதுகில் ஒட்டியது. நான் மடக்கு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சுற்று முடிகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

முதல் சுற்று நாற்பத்தெட்டு நிமிஷம். இரண்டாவது நாற்பத்தெட்டு. கடிகாரம்தான். காலிப் பாட்டிலைக் கொடுப்பாள், நிறைந்ததை வாங்குவாள், "நல்லாருக்கேண்ணா" என்பாள், போவாள். மூன்றாவது சுற்றில் 'நல்லாருக்கேன்' சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினாள். வெயில் ஏறிவிட்டது. ஆம்பிளைகள் பலர் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பேர் நிழலில் படுத்துக் கிடந்தார்கள். இவள் நடக்கவில்லை.

நான்காவது சுற்று முடிந்து வந்தபோது முதல் தடவையாக நின்றாள். "வாட்ச் இறுக்குதுண்ணா. எடுத்துடவா?" என்றாள். கையைப் பார்த்தேன். பட்டை சதைக்குள் புதைந்து, இரண்டு பக்கமும் தோல் புடைத்திருந்தது. காலையில் கட்டும்போது அந்தப் பட்டைக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் போகும். மருந்துக்கடைக்காரர் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் இருந்தது. அந்த நிமிஷத்தில் 'போதும், உட்காரு' என்று சொல்லியிருக்கலாம். ஒரு சிட்டிகை உப்பை அவள் நாக்கில் வைத்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டே சுற்று என்ற நினைப்பு அதில் எழுதி ஒட்டியிருந்தது. முடித்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பட்டையை ஒரு துளை தளர்த்திக் கட்டினேன். இரண்டு பாட்டில் கொடுத்தேன். "நிறையக் குடி, வெயில் ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன். குடித்துக்கொண்டே போனாள்.

ஐந்தாவது சுற்று ஐம்பத்தைந்து நிமிஷம். அவளுக்கு அது நடக்காத காரியம். என் எதிரே வந்து நின்று என்னை உற்றுப் பார்த்தாள். "அண்ணா, இஸ்திரிப் பெட்டிய அணைச்சியா?" என்றாள். "அணைச்சுட்டேன்" என்றேன். "சூடு வாசம் வருது பாரு" என்றாள். "அணைச்சுட்டேன் கண்ணு, நீ போ" என்றேன். கடைசி இரண்டு பாட்டிலையும் நானே அவள் இடுப்பில் சொருகினேன். அவளுக்குக் கை வரவில்லை.

முடிக்க ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்துவிட்டாள். முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கி வந்தார்கள். நான் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டர் அம்மா ஒருவர். பயந்திருந்தாலும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். உடம்பைத் தொட்டுப் பார்த்து, "சூடு அவ்வளவா இல்லையே" என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கூட வந்தவர் நீங்கதானே? எவ்வளவு தண்ணி குடிச்சாங்க? உப்பு சேத்தீங்களா?"

அந்த அம்மா என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தவன் அந்தக் கூடாரத்திலேயே நான் ஒருவன்தான்.

"குடிக்கவே மாட்டா டாக்டர். எப்பவுமே அப்படித்தான். காலையிலேருந்து ரெண்டு பாட்டில்கூட முழுசாக் குடிக்கல. உப்பெல்லாம் போட்டுத்தான் குடுத்தேன்" என்றேன்.

அப்படியானால் தண்ணீர் கொடுக்க வேண்டியதுதான். தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டினார்கள். பாதி உள்ளே போயிற்று, பாதி வழிந்தது. தம்ளரை ஒரு தடவை நானும் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் நெரிசலில் சிக்கி இருபது நிமிஷம் கழித்து வந்தது. அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. மருத்துவமனையில் இரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்குப் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் வியர்த்து வியர்த்துப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். வெயில் காலம், வேறென்ன நினைப்பார்கள்? மூளை வீங்கிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை. அந்த டாக்டர் அம்மாவையும் நீங்கள் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம். சொன்ன அளவுக்குச் சரியான மருந்துதான் கொடுத்தார். அளவைச் சொன்னவன் நான்.

இப்போது உங்கள் அறிக்கையில் காரணத்தைத் திருத்திக்கொள்ளலாம். வெப்பம் என்பதை அடித்துவிடுங்கள். தராசு பின்னறையில்தான் இருக்கிறது. திருகைப் பழையபடி வைத்துவிட்டேன், இப்போது சரியாகக் காட்டும். சுவரில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.

நான் அவளைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். அவள் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவளே வைத்த சீட்டு அது, முடிக்கவில்லை என்றால் இங்கேயே இருக்கிறேன் என்றாள். அவள் முடிக்கவில்லை.

இதென்ன தாள்? அவள் அலுவலக மேசை இழுப்பறையில் இருந்ததா? கொடுங்கள், பார்க்கிறேன். ஆமாம், அவள் கையெழுத்துதான். அந்த மலை ஊரில் வீடு கேட்டு எழுதியிருக்கிறாள். பந்தயத்துக்குப் பதினாறு நாளைக்கு முந்தின தேதி. இரண்டு படுக்கையறை. தரைத்தளமாக மட்டும் இருக்க வேண்டும், படி கூடாது. முன்னறையில் சன்னலோரமாக ஆறடி மேசை போடுகிற அளவுக்கு இடமும் வெளிச்சமும் வேண்டும்.

இதை எதற்கு என்னிடம் காட்டுகிறீர்கள் என்று தெரியவில்லை, ஐயா. இரண்டாவது அறை சாமான் போட்டு வைக்க இருக்கும். ஓடிவிட்டு வந்து படியேற முடியாதே, அதற்காகத் தரைத்தளம். மேசை, துணி தேய்ப்பதற்காக இருக்கும். அவளுக்குத் தன் துணியைத் தானே தேய்த்துக்கொண்டால்தான் திருப்தி.